கிளைட்டன் மாட்டிய ஏசிகள்

கிளைட்டன் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறார். நாற்பத்தாறு வயது. அவருடைய அப்பா தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போய்வந்தவர். மகன் கடலுக்குப் போக வேண்டாம் என்று ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டார். கிளைட்டன் அங்கே குளிர்சாதன வேலை படித்து, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் குளிர் அறைகளைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தார். அங்கே சூப்பர்வைசர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் அப்பன் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டாராம். ஸ்பானரை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவர், அப்புறம் யாரிடமும் சம்பளத்துக்குப் போகவில்லை. ஒரு பைக், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு டூல்ஸ் பை, இவற்றை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக இந்த ஊருக்கு ஏசி மாட்டினார்.

எங்கள் வீட்டுக்கும் அவர்தான் மாட்டினார். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வேலையையும் பக்கத்தில் நின்று பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வெளிச்சுவரில் அவுட்டோர் யூனிட் உட்காரும் இரும்பு ஸ்டாண்டுக்கு அவர் தானே ரெட் ஆக்சைடு பெயின்ட் இரண்டு கோட் அடித்து, காயும்வரை காத்திருந்தார். கேட்டதற்கு, இந்த ஊரில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், இரும்பு எதுவும் நாலு வருஷத்துக்கு மேல் நிற்காது என்றார். மே மாதத்தில் மட்டும் அந்தக் கதை நடக்காது. கடைக்காரர்கள் ஒரே நாளில் ஆறு வீட்டுக்கு விரட்டுவார்கள். கடை தருகிற ஸ்டாண்டை அப்படியே எடுத்துப் போய் மாட்ட வேண்டியதுதான். அதையும் அவரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் ஜூனில் ஒரு வாரம் மேற்கேயிருந்து கச்சான் காற்று ஓயாமல் அடித்தது. தெருவெல்லாம் மணல். மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் வன்னியபெருமாள் என்பவருக்கு ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இரண்டு ஆபீஸ். இரண்டாம் மாடிச் சுவரில் இருந்த இரண்டு அவுட்டோர் யூனிட்டுகளில் ஒன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஸ்டாண்டோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. சன்ஷேடில் மோதித் திரும்பி, ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற ஒரு பெண்ணின் வலது கால்மேல் வந்து இறங்கியது.

அவர் பெயர் ஜெபசெல்வி. நாசரேத்துக்காரர். இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சர். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் சான்றிதழ்களை நகலெடுக்க வந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, கணுக்கால் நொறுங்கிப் போயிற்று. தலையில் விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதை ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.

விழுந்த யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. கிளைட்டன், ஏசி சர்வீஸ், கீழே போன் நம்பர். தான் மாட்டிய, சர்வீஸ் செய்த எல்லா மிஷினிலும் ஒட்டுகிற ஸ்டிக்கர். போலீஸ்காரர் அதைப் பார்த்துத்தான் போன் பண்ணினார். கிளைட்டன் அப்போது முத்தையாபுரத்தில் ஒரு வீட்டில் வேலையில் இருந்தார். யாரோ ஏசி ரிப்பேருக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் தெரிந்ததும், ஸ்டேஷனுக்குப் போகாமல் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். ஜெபசெல்வியின் கணவர் நேசக்குமார் ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் பார்க்கும் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறவர், சாதுவான மனிதர்.

“நீங்கதான் மாட்டினதா?”

“ஆமா சார்.”

“வெளியில போய் நில்லுங்க. இங்கன நிக்காதீங்க.”

கிளைட்டன் வெளியே போய், பைக் நிறுத்தும் இடத்தில் சாயங்காலம்வரை நின்றார். அடிக்க வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னார். மறுநாள் அவர் மனைவி விக்டோரியா தன் செயினை அடகு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த பணத்தையும் நேசக்குமார் வாங்கவில்லை. எதுவானாலும் வக்கீல் மூலமாக வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஸ்டேஷனில் வன்னியபெருமாள் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் கிளைட்டனை வைத்துத்தான் சர்வீஸ் பார்க்கிறேன், ஸ்டாண்டு துருப்பிடித்திருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பேன் என்றார். இன்ஸ்பெக்டர் கிளைட்டனைப் பார்த்துச் சொன்னீரா இல்லையா என்று கேட்டார். கிளைட்டனுக்குப் பிப்ரவரியில் சர்வீஸுக்குப் போனது ஞாபகம் இருந்தது. துருவைப் பார்த்ததும் ஞாபகம் இருந்தது. படியில் இறங்கும்போது வன்னியபெருமாள் அண்ணாச்சியிடம் ஸ்டாண்டு என்று ஏதோ சொன்னதும், அவர் போனில் பேசிக்கொண்டே கையை ஆட்டியதும் ஞாபகம் இருந்தது.

“சொன்னேன்னுதான் நெனைக்கேன் சார். ஆனா இந்த யூனிட்டுக்குச் சொன்னேனா, பக்கத்து யூனிட்டுக்குச் சொன்னேனான்னு நெஞ்சறியச் சொல்ல முடியல.”

அப்படியே எழுதிக்கொண்டார்கள். கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக வழக்கு. முதல் எதிரி கிளைட்டன், இரண்டாவது வன்னியபெருமாள். பிறகு வந்த வக்கீல் அந்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, இப்படி யாராவது தன் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் கொடுப்பார்களா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஏசியை விற்ற கடைக்கும் கிளைட்டன் போனார். பதினொரு வருஷமாக அந்தக் கடையில் விற்கிற ஏசிகளை அவர்தான் மாட்டுகிறார். கடைப் பெயர் போட்ட சட்டைகூட மூன்று கொடுத்திருந்தார்கள். மேனேஜர் காப்பி வாங்கிக் கொடுத்து, மரியாதையாகப் பேசி அனுப்பினார். கிளைட்டன் எங்கள் ஆள் இல்லை, தனியாகத் தொழில் செய்கிறவர், கஸ்டமர் கேட்டால் நம்பர் கொடுப்போம், அவ்வளவுதான் என்று கடை வக்கீல் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அது பொய்யும் இல்லை. யாருக்கும் கீழே வேலை பார்ப்பதில்லை என்பதைக் கிளைட்டனே எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது வாரம், ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற கிளைட்டனை ஜெபசெல்வி டீச்சரே உள்ளே கூப்பிட்டார். கணவருக்கு அது பிடிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இரண்டாவது ஆபரேஷன் முடிந்து, காலில் கம்பிகள் வெளியே தெரிய டீச்சர் படுத்திருந்தார். கிளைட்டன் காலைப் பார்க்காமல் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். டீச்சர் திட்டவில்லை. ஒரு சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“உங்களுக்கு இன்சூரன்ஸ் எதுவும் கெடையாதா? எங்க சித்தி மகன் ஆஸ்திரேலியாவுல எலக்ட்ரீஷியனா இருக்கான். அவன் வேலையால அடுத்தவங்களுக்கு அடிபட்டா கொடுக்கதுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கான். அது இல்லாம ஒரு வீட்டுக்குள்ளயும் விடமாட்டாங்களாம்.”

“இருக்கு டீச்சர். என்கிட்டயும் ஒண்ணு இருக்கு” என்று கிளைட்டன் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை. நேசக்குமாரும் அப்போதுதான் ஜன்னலை விட்டுத் திரும்பினாராம்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே இங்கிலீஷில் பதினான்கு பக்கம். அவர்களுடைய பங்குக் கோயிலைச் சேர்ந்த ஜாக்சன் என்ற ஏஜென்ட் ஏழு வருஷத்துக்கு முன்னால் போட்டுக் கொடுத்தது. உயரத்தில் ஏறி வேலை பார்க்கிறவனுக்கு இது அவசியம், எந்த ஆக்சிடென்ட் நடந்தாலும் பணம் வரும் என்று சொல்லியிருந்தார். கிளைட்டன் ஒரு வருஷம்கூடத் தவறாமல் கட்டியிருந்தார்.

நான் இரண்டு முறை படித்தேன். முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் எங்காவது ஒரு வரி இருக்காதா என்று கடைசிவரை தேடினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விக்டோரியாவும் வந்து வாசற்படியில் நின்றார்.

“இது உங்களுக்கான பாலிசி கிளைட்டன். உங்களுக்கு அடிபட்டா, உங்களுக்கு ஏதாவது ஆனா வரும். அடுத்தவங்களுக்கு ஆனா வராது.”

“எந்த ஆக்சிடென்டா இருந்தாலும்னுதான் சார் ஜாக்சன் சொன்னாரு.”

“எந்த ஆக்சிடென்டா இருந்தாலும்தான். ஆனா உங்களுக்கு நடக்கணும்.”

அவர் காகிதத்தை வாங்கி மடித்தார்.

“அப்போ அந்த யூனிட் எம்மேல விழுந்திருந்தா?”

“வந்திருக்கும்.”

விக்டோரியா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். என் வேலைக் காலத்தில் எத்தனையோ பேரிடம் லோன் கிடைக்காது என்று சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதுபோல எதுவும் கனக்கவில்லை.

ஜாக்சனிடமும் போய்ப் பார்த்தார்கள். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. காகிதத்தைப் பார்த்து அவர் முகமும் வெளுத்துப்போயிற்று. “நீ விழுந்துரக் கூடாதேன்னுதாம்ல அன்னைக்கு யோசிச்சேன். உன் கையால ஒண்ணு அடுத்தவன் மேல விழும்னு நான் யோசிக்கல, நீயும் யோசிக்கல” என்றார். அதற்குமேல் சண்டை போட அங்கே ஒன்றும் இல்லை.

இனிமேலாவது டீச்சர் சொன்னது மாதிரி ஒன்று எடுத்து வைக்கலாம் என்று நான்தான் கிளைட்டனை ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸுக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த அதிகாரி ஒரு இளம்பெண். பொறுமையாக உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் தேடினார். அடுத்தவருக்கு அடிபட்டால் கொடுக்கிற பப்ளிக் லயபிலிட்டி பாலிசி என்பது இருக்கத்தான் செய்கிறது. தொழிற்சாலை எடுக்கும், ஹோட்டல் எடுக்கும், கல்யாண மண்டபம் எடுக்கும். ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் கம்பெனிகளுக்குச் சட்டப்படிக் கட்டாயம். தனியாக ஏசி மாட்டுகிற ஒருவர் கேட்டு வந்தது அந்த ஆபீஸில் இதுவே முதல் தடவை என்றார். முடியாது என்று அவர் சொல்லவில்லை. தொழில் பதிவு, மூன்று வருஷ வரவு விவரம், இதற்கு முன் விபத்து ஏதாவது நடந்ததா என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார். கிளைட்டனிடம் தொழில் பதிவு கிடையாது. விபத்து இருந்தது.

“நடந்தத எழுதணுமா மேடம்?”

“கண்டிப்பா எழுதணும். எழுதலன்னா பின்னாடி பாலிசியே செல்லாது.”

“எழுதினா?”

அந்தப் பெண் விண்ணப்பத்தை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, எப்படி இருந்தாலும் ஏற்கெனவே நடந்த விபத்துக்கு இது உதவாது என்பதை மெதுவாகச் சொன்னார். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு மாதம் கழித்து, ஏற்க இயலவில்லை என்று நாலு வரியில் கடிதம் வந்தது.

கிளைட்டனை அரித்தது வழக்கு மட்டும் இல்லை. விழுந்த யூனிட் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதத்தில் மாட்டியது. அந்த மாதம் அவர் மாட்டியது வன்னியபெருமாள் கட்டடத்துக்கு மட்டுமா? அதே கடை, அதே ஸ்டாண்டு, அதே அவசரம். எத்தனை வீடு என்று அவருக்கே தெரியவில்லை. போனில் பெயர்களைப் போட்டுவைத்திருந்தார்: போல்டன்புரம் டீச்சர், சிதம்பரநகர் டாக்டர் மாடி, மில்லர்புரம் மஞ்சள் கேட். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, வந்து ஸ்டாண்டைப் பார்க்கிறேன், காசு வேண்டாம் என்றார். வழக்கு முடியும்வரை எதையும் போய்த் தொடாதீர், தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். அதைக் காதில் வாங்காமல் போனார்.

சிலர் பார்க்கவிட்டார்கள். எங்கள் வீட்டு ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் சொன்னதையும் கேட்காமல் புதிது மாட்டிவிட்டுப் போனார். சிலர் புது ஸ்டாண்டு விற்கிறதற்குப் பயமுறுத்துகிறான் என்று நினைத்தார்கள். விஷயம் கேள்விப்பட்ட சிலர், உங்க கையே வேண்டாம், நாங்க வேற ஆளை வச்சுப் பாத்துக்கிடுதோம் என்று போனை வைத்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேர் வேறு ஆளை வைத்துப் பார்த்தார்களோ தெரியாது. காற்று அடிக்கிற நாளெல்லாம் கிளைட்டன் பைக்கில் ஊரைச் சுற்றினார். சாப்பாடு குறைந்தது. ரோட்டைப் பார்க்காமல் மாடிகளைப் பார்த்தே ஓட்டுகிறார், ஒருநாள் லாரியில் போய் விழப் போகிறார் என்று விக்டோரியா வந்து என்னிடம் அழுதார்.

அந்த மே மாதத்தில் அவர் மாட்டியவற்றில் ஒன்று, பிரையண்ட் நகரில் ஒரு பூட்டிய வீடு. வீட்டுக்காரர்கள் மஸ்கட்டில் இருக்கிறார்கள். முதல் மாடியில், ரோட்டை ஒட்டிய சுவரில் அவுட்டோர் யூனிட். கீழே நின்று பார்த்தாலே ஸ்டாண்டின் ஒரு கால் விரிந்து நிற்பது தெரியும். அதற்கு நேர் கீழேதான், நிழல் இருப்பதால், காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு நிற்பார்கள். கிளைட்டன் மஸ்கட்டுக்கு போட்டோ அனுப்பினார். டிசம்பரில் ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஏணி போட்டு வெளியிலிருந்தே கழற்றப் போனார். பக்கத்து வீட்டுக்காரர், பூட்டிய வீட்டில் ஏறக் கூடாது என்று தடுத்து, ஏணியோடு போட்டோ எடுத்துக்கொண்டார். மாநகராட்சிக்குப் போனார். அது உங்க வீடா என்று கேட்டார்கள், இல்லை என்றதும் வீட்டுக்காரரை மனு எழுதச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டின் முன்னால் போய் நிற்க ஆரம்பித்தார். பிள்ளைகள் வந்ததும் நாலடி தள்ளி நிற்கச் சொல்வார். வெயிலில் நிற்க அவர்களுக்குப் பிடிக்காது. மறுபடி நிழலுக்கு வருவார்கள், மறுபடி விலக்குவார். வேன் வந்து அவர்கள் ஏறிய பிறகுதான் வேலைக்குக் கிளம்புவார். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் இப்படியே போயிற்று. ஒருநாள் நானும் கூடப் போனேன். காற்றில் அந்த யூனிட் லேசாக அசைந்தது. அவர் அதையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் பக்கத்தில் நின்றேன்.

நவம்பரில் அந்தத் தெருப் பெற்றோர் சேர்ந்து போலீஸில் புகார் கொடுத்தார்கள். சம்பந்தமில்லாத ஓர் ஆள் தினமும் வந்து பிள்ளைகளிடம் பேசுகிறான் என்று. கிளைட்டனைக் கூப்பிட்டு, இனி அந்தத் தெருவில் நிற்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். அவர் யூனிட்டைப் பற்றிச் சொன்னார். ஏற்கெனவே ஒரு கேஸில் இருக்கிறவர்தானே நீர் என்று அந்தப் போலீஸ்காரர் கேட்டாராம். பெற்றோர் பயந்துபோய், வேன் நிற்கிற இடத்தைத் தெருமுனைக் கோயிலுக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டார்கள்.

நான் அதைப் போய்ப் பார்த்துவந்து சொன்னேன். “மாத்திட்டாங்களா, நல்லதாப் போச்சு சார்” என்றார். முகத்தில் நிம்மதி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

ஜனவரியில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் குளிர்கிடங்கில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தார். மறுபடியும் சூப்பர்வைசர், மறுபடியும் கையெழுத்து நோட்டு. அங்கே யார்மேல் எது விழுந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று முதல் நாளே சொன்னார்களாம். டிரில்லிங் மிஷினை விற்றுவிட்டார்.

ஜெபசெல்வி டீச்சர் மூன்று ஆபரேஷனுக்குப் பிறகு, ஒன்பதாவது மாதம் கைத்தடியோடு பள்ளிக்குப் போனார். கணுக்கால் மடங்காது. நின்றுகொண்டு போர்டில் எழுத முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடம் எடுக்கிறார். நேசக்குமார் நஷ்டஈட்டுக்குத் தனியாக வழக்குப் போட்டிருக்கிறார். கட்டடக்காரர், கடை, கிளைட்டன் மூவர் மேலும். முதல் இருவருக்கும் மதுரையிலிருந்து வக்கீல்கள் வருகிறார்கள். மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்ட வேண்டிய வழக்கு அது. கிளைட்டன் யாரையும் காட்டவில்லை. வாய்தா அன்றைக்கு டீச்சர் குடும்பத்தைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். டீச்சர் தலையை அசைக்கிறார். நேசக்குமார் வேறு பக்கம் பார்க்கிறார். இதுவரை ஏழு வாய்தா ஆகிவிட்டது.

மஸ்கட்காரர்கள் டிசம்பரில் வரவில்லை, யூனிட் அப்படியேதான் இருக்கிறது. இந்த ஜூனில் காற்று மறுபடி ஆரம்பித்திருக்கிறது. கிளைட்டன் அந்தத் தெருவுக்குப் போக முடியாது. என் வாக்கிங்கை நான் அந்தப் பக்கமாக மாற்றிக்கொண்டேன். தினமும் காலையில் அந்தச் சுவரை ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். ஷிப்ட் இடைவேளையில் பார்த்துவிட்டு, ‘சரி சார்’ என்று பதில் போடுகிறார்.